ஒன்பது என்றால் ஆறு

இதை எங்கே தொடங்கினாலும் எனக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கும், கண்ணுகளா. அதனால் கூச்சம் இல்லாத இடத்திலிருந்து தொடங்குகிறேன். துணியிலிருந்து.

பள்ளிக்கூடம் திறக்க நாலு மாதம் இருக்கும்போதே எங்கள் மாடியில் கால் வைக்க இடம் இருக்காது. சாம்பல் நிறக் கால்சட்டை ஒரு குவியல், வெள்ளைச் சட்டை ஒரு குவியல், நடுவில் ஓர் ஆள் ஒருக்களித்துப் போகிற அளவுக்கு ஒரு சந்து. சந்தின் அந்த முனையில் டெய்லரம்மாவின் மிஷின். இந்த முனையில், ஜன்னல் ஓரமாக, நானும் என் ஊசியும். அவள் தைத்துத் தள்ளுவாள். நான் பட்டன் துளைக்குக் காஜா எடுத்து, பட்டன் வைப்பேன். நான் எதிர் அறைக்காரி. பதினோரு வருஷமாகப் பொழுது விடிந்தால் அவள் வீட்டில்தான் இருப்பேன். என் அறைக்குத் தூங்க மட்டும்தான் போவேன்.

அந்த வருஷம் மழை முந்திக்கொண்டது. துணியெல்லாம் ஈரப்பதம் ஏறிக் கிடந்தது. இஸ்திரிப் பெட்டியை வைத்தால் புஸ்ஸென்று ஆவி வரும், மடிப்பு நிற்காது. "இந்த மழை இஸ்கூல் பிள்ளைங்க மேல என்ன கோவமோ" என்று திட்டிக்கொண்டே டெய்லரம்மா மிதிப்பாள். அறைக்குள் எந்நேரமும் சூடான பருத்தி வாசமும் மிஷின் எண்ணெய் வாசமும் இருக்கும். இரண்டுக்கும் நடுவில், அந்த வருஷம் புதிதாக, வலி மாத்திரை வாசம் ஒன்றும் சேர்ந்திருந்தது. அது உள் அறையிலிருந்து வந்தது.

உள் அறையில் அவள் மகள். இரண்டு வயதில் ஒரு கோட்டு பட்டனை விழுங்கிவிட்டு, மூன்று நாள் எல்லாரையும் அழவைத்து, நாலாம் நாள் சாவகாசமாகத் திருப்பிக் கொடுத்தவள். அன்றிலிருந்து அவள் பெயர் பட்டன். வயது முப்பத்தொன்று ஆகியும் பட்டன்தான். பேருந்து நிலையத்தில் டிக்கெட் கொடுக்கிற வேலை. கல்யாணமாகி நாலு வருஷம். நாலு மாதத்துக்கு முன்னால் ஒரு பெட்டியோடு திரும்பி வந்துவிட்டாள். மாப்பிள்ளை லிஃப்ட் பழுது பார்க்கிறவர். அவரே பெட்டியைத் தூக்கிவந்து படிக்கட்டில் வைத்துவிட்டு, "உங்க பொண்ணுக்கு என்னைப் பிடிக்கல அத்தை. பக்கத்துல போனா சுவத்தைப் பாத்துத் திரும்பிக்கறா. நான் என்ன செய்யட்டும்?" என்று கேட்டுவிட்டுப் போனார். டெய்லரம்மா அன்று மகளைப் பேசிய பேச்சை நான் இங்கே எழுதப் போவதில்லை.

பட்டனுக்கு வயிற்று வலி பதினாலு வயதில் தொடங்கியது. முதலில் மாதத்துக்கு இரண்டு நாள். பிறகு ஐந்து நாள். பிறகு எது வலி நாள் எது சாதா நாள் என்று பிரிக்க முடியாமல் போனது. டிக்கெட் கவுன்ட்டரின் மரச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றே வேலை பார்ப்பாளாம். ஸ்கேன் எடுத்தால் ஒன்றும் இல்லை என்று வரும். ஒரு டாக்டர் கல்யாணம் ஆனால் சரியாகும் என்றார். கல்யாணம் ஆனது, வலி நிற்கவில்லை. இன்னொரு டாக்டர் குழந்தை பிறந்தால் சரியாகும் என்றார். அது ஆகவில்லை.

அப்போதுதான் பெரிய ஆஸ்பத்திரியில் இந்த வலியைப் பற்றி ஓர் ஆராய்ச்சி நடக்கிறது என்று கேள்விப்பட்டு, பட்டன் தானே போய்ப் பெயர் கொடுத்துவிட்டு வந்தாள். ஒரு வாரத்தில் ஒரு பெண் ஸ்கூட்டரில் வந்தாள். மழைக்கோட்டு, கக்கத்தில் ஹெல்மெட், பையில் நீல அட்டை போட்ட நோட்டு. நாங்கள் அவளை நோட்டு மேடம் என்றுதான் கூப்பிட்டோம். துணிக் குவியலுக்கு நடுவில் ஒரு முக்காலியில் உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னாள்.

"கர்ப்பப்பைக்குள்ள ஒரு சவ்வு இருக்கில்லம்மா, அதே மாதிரி ஒண்ணு சிலருக்கு வெளியில வளருது. குடல் மேல, கர்ப்பப்பைக்குப் பின்னாடி, அங்கங்க ஒட்டிக்கிட்டு. மாசாமாசம் அதுவும் வீங்கும். எண்டோமெட்ரியோசிஸ்னு பேரு."

"பேரு எனக்கு வாய்க்குள்ளயே நுழையலையே. வியாதி எப்படி இவ வயித்துக்குள்ள நுழைஞ்சுது?" என்றாள் டெய்லரம்மா.

நோட்டு மேடம் சிரித்துவிட்டாள். "அதான் யாருக்கும் சரியாத் தெரியல. இன்னொண்ணும் தெரியல. சிலருக்கு உள்ள துளியூண்டு இருக்கும், வலி உயிர் போகும். சிலருக்கு நிறைய இருக்கும், வலியே தெரியாது. அது ஏன்னு பாக்கத்தான் இந்த ஆராய்ச்சி. வலியை எந்த மிஷினும் காட்டாதும்மா. அவங்க சொல்றதுதான். அதனாலதான் நோட்டு."

நாளுக்கு ஒரு பக்கம். காலை, மதியம், மாலை என்று மூன்று கட்டம். பூஜ்யம் என்றால் வலி இல்லை, பத்து என்றால் இதற்கு மேல் ஒன்று கிடையாது. மூன்று மாதம் எழுத வேண்டும். சராசரி ஆறுக்கு மேல் வந்தவர்களை அடுத்த கட்டத்துக்கு எடுப்பார்கள். வயிற்றில் சின்னத் துளை போட்டு, கேமரா விட்டுப் பார்த்து, அது இருந்தால் அப்போதே எடுத்துவிடுவார்கள். பட்டனின் கண் அந்த இடத்தில்தான் பெரிதானது.

"முடியாத நாள்ல வீட்டுல யாராவது எழுதலாம். ஆனா அவங்க சொல்றதை அப்படியே எழுதணும்" என்றாள் நோட்டு மேடம்.

"நான் எழுதறேன். என் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும்" என்றாள் டெய்லரம்மா.

அது பொய்யில்லை. அளவு நோட்டு எழுதி எழுதி வந்த கையெழுத்து.

நோட்டின் முதல் பக்கம் மட்டும் வேறு மாதிரி. பழைய கதை கேட்கிற பக்கம். பட்டன் பாதி சொல்லும்போதே மாத்திரை மயக்கத்தில் தூங்கிவிட்டாள். மீதியை டெய்லரம்மாவே நிரப்பினாள். ஒரு கேள்வியில் பேனா நின்றது. கதவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு ஊசி குத்திய விரலை இழுக்கிற மாதிரி சட்டென்று 'இல்லை' என்று எழுதிப் பக்கத்தைத் திருப்பினாள்.

இனி நான் பார்த்ததைச் சொல்ல வேண்டும்.

இரண்டாம் வாரம், ஒரு மதியம். மழை. நாங்கள் இரண்டு பேரும் ரொட்டியும் டீயும் சாப்பிட்டுவிட்டு மறுபடி உட்கார்ந்திருந்தோம். டெய்லரம்மா மிஷினை நிறுத்தி, உள்பக்கம் குரல் கொடுத்தாள்.

"எத்தனைடி?"

தலையணைக்குள்ளிருந்து பதில் வந்தது. "ஒம்போது."

"காலையில எட்டுன்ன?"

"காலையில எட்டு. இப்ப ஒம்போது. நான் என்ன ஏலமா விடறேன்?"

டெய்லரம்மா நோட்டைத் திறந்து எழுதினாள். பேனா மேலே சுழித்து இறங்கவில்லை. மேலிருந்து இறங்கிக் கீழே சுழித்தது. ஆறு.

"தங்கச்சி, ஒம்போதுன்னுதானே சொன்னா?" என்றேன்.

"சொன்னா."

"ஆறு போட்டிருக்க?"

"அக்கா, இங்க அளவு குடுக்க வர்றவங்க சொல்ற கணக்குக்கு நான் என்னைக்காவது துணி வெட்டியிருக்கேனா? வயித்தை உள்ள இழுத்துக்கிட்டு இருபத்தெட்டும்பா. நான் முப்பதுக்கு வெட்டுவேன். போட்டுக்கிட்டு உக்காரும்போது என்னை வாழ்த்துவா. வாய் சொல்றதை அப்படியே வெட்டறதுக்கு டெய்லர் எதுக்கு, கத்தரிக்கோல் போதுமே?"

"அது இடுப்புடி."

"இது வலி. பயத்துல மூணு கூட்டித்தான் சொல்லுவா. அந்த மூணை நான் எடுத்துடறேன். நாள் தவறாம ஒம்போது, பத்துன்னு போட்டா ஆஸ்பத்திரியில என்ன சொல்லுவாங்க? ஒண்ணுமில்லாததுக்கு ஊரைக் கூட்டறவன்னு சொல்ல மாட்டாங்களா? ஏற்கெனவே ஒருத்தர் பெட்டியைக் கொண்டாந்து வச்சிட்டுப் போயிட்டாரு."

அவள் மிதிக்கத் தொடங்கிவிட்டாள். நான் வாயைத் திறந்தேன். அப்புறம் அந்த வாயால் நூலைக் கடித்துவிட்டு, அடுத்த சட்டையை எடுத்துக்கொண்டேன். மூன்று மாதம், நாளுக்கு மூன்று முறை, எட்டு ஐந்தானது, ஏழு நாலானது. நோட்டு மிஷின் பெட்டிக்குள்ளேயே இருக்கும்; வேலைக்குப் போன நாளில் பட்டன் வந்ததும் மூன்றையும் சேர்த்துச் சொல்வாள். நானும் பார்த்துக்கொண்டே காஜா எடுத்தேன். உங்களிடம் ஒளித்து என்ன ஆகப் போகிறது.

மூன்று மாதம் முடிந்து, நோட்டு மேடம் நோட்டை வாங்கிப்போய், பத்தாம் நாள் அதோடு திரும்பி வந்தாள். பட்டன் சுவரில் சாய்ந்து, முதுகுக்குத் தலையணை கொடுத்து உட்கார்ந்திருந்தாள். அன்று தலை வாரிப் புதுச்சட்டை போட்டிருந்தாள். நல்ல சேதிக்குத் தயாரான முகம்.

"சொல்றதுக்கு வருத்தமா இருக்கு. உங்க சராசரி நாலரை. ஆறுக்கு மேல வேணும். அடுத்த கட்டத்துக்கு எடுக்க முடியல" என்றாள் நோட்டு மேடம்.

பட்டன் சிரித்தாள். "தப்பா கூட்டியிருப்பீங்க மேடம். நான் ஏழுக்குக் கீழ சொன்ன நாளை விரல்ல எண்ணிடலாம்."

"நீங்களே பாருங்களேன்."

பட்டன் நோட்டை வாங்கிப் புரட்டினாள். முதல் மாதம். இரண்டாம் மாதம். மிஷின் ஓடிக்கொண்டே இருந்தது. வேண்டுமென்றே ஓடியது. அடியில் துணியே இல்லாமல் ஊசி மேலும் கீழும் போனதை நான் பார்த்தேன்.

"கவுன்ட்டர்ல மயங்கி விழுந்து ஆட்டோல தூக்கிட்டு வந்தாங்களே, அன்னைக்கு அஞ்சாம்" என்றாள் பட்டன்.

பிறகு முதல் பக்கத்துக்குப் போனாள். அங்கே விரல் நின்றது.

"அம்மா. மிஷினை நிறுத்து."

நின்றது.

"கணவரோட சேரும்போது வலி இருந்துச்சான்னு கேட்டிருக்கு. இல்லைன்னு எழுதியிருக்க. என்னைக் கேட்டியா?"

"மெதுவாடி. வெளி ஆளு இருக்காங்க."

"கேட்டியா?"

"அதை எப்படிடி ஒரு அம்மா கேக்கறது? வாய் வருமா?"

"ஊர்ல இருக்கற அத்தனை பொம்பளைங்க மாரையும் இடுப்பையும் டேப் சுத்தி அளக்கற. மூச்சை விடுங்க, கையைத் தூக்குங்கன்னு சொல்ற. என்கிட்ட ஒரு கேள்வி கேக்க உனக்கு வாய் வரலையா?" அவள் குரலை உயர்த்தவே இல்லை. "அவரு, தன் மேல எனக்கு வெறுப்புன்னு நெனச்சுட்டுப் போனாரு. நீயும் அதையேதான் நெனச்ச. கத்தி வச்சுக் கிழிக்கற மாதிரி இருந்தா சுவத்தைப் பாத்துத் திரும்பாம வேற என்ன செய்வாங்க?"

நோட்டு மேடம் எழுந்து நின்று ஹெல்மெட்டின் வாரைத் திருகிக்கொண்டிருந்தாள். கடைசியில் அவள்தான் பேசினாள். "இந்த நோட்டை இனி திருத்த முடியாதும்மா. திருத்தினா எங்க ஆராய்ச்சியே பொய்யாயிடும். எழுதினவங்க நேர்ல வந்து, என்ன நடந்துச்சுன்னு டாக்டரம்மாகிட்ட சொன்னா, அவங்க மனசு வச்சுப் புது நோட்டு குடுக்கலாம். வெள்ளிக்கிழமையோட புது ஆள் சேக்கறதை நிறுத்தறாங்க." படிக்கட்டு வரை போய்த் திரும்பி, "நான் கட்டாயப்படுத்தலை" என்றாள்.

அன்று செவ்வாய்.

புதன்கிழமை டெய்லரம்மா முப்பது கால்சட்டை தைத்தாள். ஒரு நாளில் அத்தனை தைத்து நான் பார்த்ததில்லை. "இஸ்கூல் திறக்கப் போகுது அக்கா, நான் எங்க போறது? அங்க போய் எத்தனை பேர் முன்னாடி நிக்கணும்? டெய்லரம்மா பொய் எழுதினான்னு சொல்லவா? நீ வேணா போயிட்டு வாயேன்." நான் அவள் முகத்தைப் பார்க்காமல், "நான் எழுதலையே" என்றேன். சொன்ன பிறகு அந்தப் பேச்சு எனக்கே பிடிக்கவில்லை.

வியாழக்கிழமை காலை பட்டன் குளியலறையிலிருந்து வரும்போது சந்தின் நடுவில் மடங்கிப்போய் உட்கார்ந்துவிட்டாள். வெள்ளைச் சட்டைக் குவியல் சரிந்து அவள் மேலே விழுந்தது. நாங்கள் இரண்டு பேரும் சட்டைகளை வாரிப் போட்டுவிட்டு அவளைப் பிடித்தோம். முழங்கால் மார்பில் ஒட்டிக்கொண்டிருந்தது. உதடு வெளுத்துவிட்டது. டெய்லரம்மா சுடுதண்ணிப் பையைத் தேடி ஓடி, கிடைக்காமல் இஸ்திரிப் பெட்டியில் ஒரு துண்டைச் சூடாக்கி வந்து அவள் அடிவயிற்றில் வைத்தாள். வைத்துக்கொண்டே, பழக்கத்தில், கேட்டாள்.

"எத்தனைடி?"

பட்டன் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"சொல்லுடி கண்ணு. எத்தனை?"

"எதுக்கு?" என்றாள் பட்டன்.

வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்ன ஒரே சொல். டெய்லரம்மா துண்டைப் பிடித்தபடி அப்படியே இருந்தாள். துண்டு ஆறிப்போனதுகூட அவளுக்குத் தெரியவில்லை. நான்தான் வாங்கி மறுபடி சூடாக்கினேன்.

வெள்ளிக்கிழமை மூன்று பேரும் ஆட்டோவில் போனோம். மேடு பள்ளத்தில் குலுங்கும்போதெல்லாம் பட்டன் என் கையைத்தான் பிடித்தாள், பக்கத்திலிருந்த தாயின் கையை அல்ல.

ஆராய்ச்சி அறை மூன்றாம் மாடியில் ஒரு நீண்ட நடையின் கடைசியில் இருந்தது. வாசலில் ஒரு பெஞ்சு. பெஞ்சில் நாலு பெண்கள், ஆளுக்கொரு நீல நோட்டோடு. கதவுக்குத் தாழ்ப்பாள் பிடிக்காததால் அது பாதி திறந்தே கிடந்தது. உள்ளே டாக்டரம்மா, நோட்டு மேடம், கணினி முன்னால் மீசை அரும்பிய ஓர் இளம் டாக்டர். அந்தப் பையனைப் பார்த்ததும் டெய்லரம்மாவுக்கு முந்தானையை எங்கே இழுத்து மூடுவது என்று தெரியவில்லை.

"நீங்கதான் எழுதினீங்களா?" என்றார் டாக்டரம்மா.

"ஆமாங்க. கண்ணாடி மாத்த வேண்டியிருக்குங்க. ஒம்போதும் ஆறும் எனக்கு ஒரே மாதிரி தெரியுது. தலைகீழா விழுந்துடுச்சு போல."

ஆட்டோவில் வரும்போது உதட்டை அசைத்து அசைத்து அவள் தயார் செய்தது இதைத்தான் என்று எனக்கு அப்போது புரிந்தது.

டாக்டரம்மா நோட்டைப் பார்த்தார். "சரி. எட்டு எப்படிம்மா அஞ்சாச்சு?"

டெய்லரம்மா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். வெளியே பெஞ்சில் யாரோ இருமினார்கள்.

"ஏழு எப்படி நாலாச்சு?"

"நானே குறைச்சேங்க." அவள் குரல் தையல் பிரிந்த மாதிரி வந்தது. "ஒவ்வொண்ணுலயும் மூணு. கூட்டிச் சொல்றான்னு நெனச்சேன். அப்புறம்... பெருசாப் போட்டா கர்ப்பப்பையையே எடுத்துடுவீங்களோன்னு பயம். எடுத்துட்டா மாப்பிள்ளை எப்படித் திரும்பி வருவாரு? அப்புறம் மானம்ங்க. எம் பொண்ணு வலி தாங்காதவன்னு பேர் வரக்கூடாதுன்னு."

"நானும் பாத்தேன் டாக்டர். வாயைத் திறக்கல" என்றேன். கேட்காமலேயே சொன்னேன். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ.

டாக்டரம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் எங்களுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். நோட்டின் குறுக்கே கோடு போட்டு, 'செல்லாது' என்று எழுதி, தேதி போட்டார்.

"புது நோட்டு தர்றேன். ஆனா மறுபடி மூணு மாசம். குறுக்கு வழி கிடையாது. அது வரைக்கும் வலிக்கு மருந்து எழுதறேன்." பட்டனைப் பார்த்தார். "முதல் பக்கத்தை மட்டும் இப்பவே, இங்கயே நிரப்பணும். அம்மாவை வெளியில உக்காரச் சொல்லட்டுமா?"

"வேணாம் டாக்டர். அம்மாவே கேக்கட்டும். அம்மாவே எழுதட்டும். நீங்க பக்கத்துல இருந்து பாத்துக்கங்க" என்றாள் பட்டன்.

"நான் வேணா எழுதறேனே" என்றாள் நோட்டு மேடம்.

"இல்ல மேடம். அம்மா கேக்கட்டும்."

இளம் டாக்டர் தானாகவே எழுந்து வெளியே போய், கதவை வெளியிலிருந்து இழுத்துப் பிடித்துக்கொண்டார்.

டெய்லரம்மா மேசை முன்னால் உட்கார்ந்தாள். முதல் கேள்விகளை மளமளவென்று கேட்டு எழுதினாள். வயது. வேலை. எப்போது தொடங்கியது. மலம் கழிக்கும்போது வலிக்கிறதா. வலிக்கிறது. அடுத்த கேள்விக்கு வந்ததும் தொண்டையைச் செருமினாள். இரண்டு முறை செருமினாள்.

"கணவருடன்..." என்று தொடங்கி நிறுத்தினாள். பட்டன் உதவிக்கு வரவில்லை. "கணவருடன் சேரும்போது வலி இருந்ததா?"

"இருந்துச்சு. எப்பவும். மொத நாள்லேர்ந்து."

எழுதினாள்.

"எத்தனை?"

"பத்து."

பத்து என்றே எழுதினாள். அதோடு முடிந்தது என்று நினைத்து நானும் மூச்சை விட்டேன். ஆனால் அதற்குக் கீழே இன்னும் ஒரு கேள்வி இருந்தது. பழைய நோட்டில் மேலே 'இல்லை' என்று போட்டுவிட்டதால் இதைப் படிக்கவே வேண்டியிருக்கவில்லை.

"இந்த வலியைப் பற்றி இதற்கு முன் யாரிடமாவது சொன்னீர்களா?"

"சொன்னேன்."

"யாரிடம்?" டெய்லரம்மா நிமிர்ந்து, "அவருகிட்டயாடி?" என்று கேட்டாள்.

"உன்கிட்ட."

"என்கிட்டயா? எப்படி சொன்ன?"

"கல்யாணமாகி ஒம்போதாம் நாள். இங்க வந்திருந்தேன். நீ ஒரு ஜாக்கெட்டுக்கு ஹெம்மிங் பண்ணிட்டிருந்த. எனக்கு ரொம்ப வலிக்குதும்மான்னேன். நீ தலையைத் தூக்கல."

டெய்லரம்மாவின் முகத்தில் அந்த நாளைத் தேடுவது தெரிந்தது. பிறகு அது கிடைத்துவிட்டதும் தெரிந்தது.

கேள்வி அடுத்த வரியில் முடிந்தது. அதை அவள் மிக மெதுவாகப் படித்தாள். "அவர் என்ன சொன்னார்?"

"பழகிடும்னு சொன்னாங்க" என்றாள் பட்டன். "எல்லாருக்கும் இருக்கறதுதான், போகப் போகப் பழகிடும்னாங்க."

மின்விசிறி சுற்றியது. டெய்லரம்மா குனிந்து, அச்சு மாதிரி எழுத்தில், ஓர் எழுத்தையும் குறைக்காமல் எழுதினாள்: 'என் அம்மாவிடம் சொன்னேன். எல்லாருக்கும் இருப்பதுதான், போகப் போகப் பழகிவிடும் என்றார்.'

பக்கத்தின் அடியில் இரண்டு வரி மிச்சம் இருந்தது. எழுதியவர் கையெழுத்து. நோயாளிக்கு என்ன உறவு.

கையெழுத்தைப் போட்டுவிட்டாள். இரண்டாவது வரியில் மூன்றே எழுத்துதான் எழுத வேண்டும். பேனா அங்கே வெகுநேரம் நின்றுகொண்டே இருந்தது.